சேத்துல கரண்ட் வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடவாசல் பக்கம் மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன். போன சம்பா சமயத்துல பொண்ணோட பதினொண்ணாங்கிளாஸ் ப்ராஜெக்டுக்காக கடை ஓரத்துல நாலு பெயிண்ட் வாளியில சேறு அள்ளி வச்சு, அதுல ரெண்டு ரெண்டு ஒயர் தொங்கவிட்டிருந்தேன், அன்னையிலேர்ந்து மோட்டார் எறக்க வர்ற ஆளுங்க பூரா காயிலப் பத்தி கேக்குறத விட்டுட்டு வாளியப் பத்திதான் கேக்குறாங்க. ஒரே பதில நூறு வாட்டி சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதி வச்சுட்டேன்.

அண்ணே, நெசமாவே சேத்துலேர்ந்து கரண்ட் வருதா, இல்ல உள்ள பேட்டரி எதையாச்சும் பொதைச்சு வச்சிருக்கியா?

வருது. கொஞ்சமா வருது, ஆனா வருது. இது ஒண்ணும் புது விஷயமும் இல்ல, 1911லயே இங்கிலாந்துல டர்ஹாம்ல பாட்டர்னு ஒரு தாவரவியல் பேராசிரியர் ஈஸ்ட், ஈ.கோலை பாக்டீரியா ரெண்டையும் சர்க்கரைத் தண்ணியில வளத்து, பிளாட்டினம் தகடு போட்டு, அரை வோல்ட் கிட்ட அளந்து எழுதிட்டாரு. 1931ல அமெரிக்காவுல கோஹன்னு ஒருத்தர் இந்த மாதிரி செல்லுங்கள வரிசையா கோத்து 35 வோல்ட் வரைக்கும் கொண்டுபோனாரு, ஆனா ஆம்பியர் பாத்தா 2 மில்லிதான். இதுல வோல்ட்டேஜ் காட்டுறது லேசு, கரண்ட் எடுக்குறதுதான் கஷ்டம்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

பாக்டீரியா எதுக்கு கரண்ட் விடணும்? அதுக்கு என்ன லாபம்?

கேட்டதுலயே நல்ல கேள்வி இதுதான், ஆறாவது படிக்கிற ஒரு பையன் கேட்டான்.

நாம சோறு சாப்பிடுறோம், மூச்சு விடுறோம். சோத்துலேர்ந்து உடம்பு பிரிச்செடுக்குற எலக்ட்ரான கடைசியில எங்கயாச்சும் கொண்டுபோய் எறக்கியாகணும், அத வாங்கிக்கத்தான் ஆக்சிஜன். இப்ப வயல நெனச்சுப் பாருங்க. சேத்து உழவு ஓட்டி தண்ணி கட்டிட்டா ரெண்டொரு நாள்ல சேத்துக்குள்ள இருக்குற ஆக்சிஜன் காலி. மேல ஒரு விரக்கடை கூட இல்லாத பழுப்பு ஏடு, அதுக்குக் கீழ கைய விட்டு அள்ளுனா சாம்பல் நெறமா கருநீலமா வரும், அழுகுன முட்டை வாடை அடிக்கும். அந்த இருட்டுக்குள்ள இருக்குற பாக்டீரியாவுக்கும் சாப்பாடு இருக்கு, போன போகத்துத் தாள், வேர், சாணம்னு நெறைய கெடக்கு, ஆனா எலக்ட்ரான் எறக்க ஆக்சிஜன் இல்ல. அதனால மண்ணுல இருக்குற இரும்புத் துரு மேல கொண்டுபோய்க் கொட்டுது. செவப்பு இரும்பு எலக்ட்ரான வாங்கிக்கிட்டா நெறம் மாறி தண்ணியில கரைஞ்சுடும், சேறு கீழ செவப்பு போயி சாம்பலாகுறது அதனாலதான்.

நாம என்ன பண்றோம்னா, அந்த இருட்டுக்குள்ள ஒரு கார்பன் துண்டப் பொதைச்சு வச்சு, அதுலேர்ந்து ஒயர் எடுத்து, மேல காத்து படுற தண்ணியில இன்னொரு கார்பன் துண்டுல கட்டுறோம். பாக்டீரியாவப் பொறுத்தவரைக்கும் அந்தக் கார்பன் தீந்தே போகாத இரும்புத் துரு மாதிரி. அதுல எறக்குது, எலக்ட்ரான் ஒயர் வழியா மேல ஏறிப்போய் ஆக்சிஜனோட சேந்து தண்ணியாயிடுது. நடுவுல நம்ம மீட்டரோ எல்ஈடியோ உக்காந்து வழிச்சுங்கம் வசூல் பண்ணுது, அவ்வளவுதான் கதை.

இதுக்குன்னு தனி பாக்டீரியா வாங்கணுமா?

வேணாம். நம்ம சேத்துலயே இருக்கு. ஜியோபாக்டர்னு பேரு, 1987ல அமெரிக்காவுல பொட்டாமக் ஆத்துப் படுகை மண்ணுலேர்ந்து லவ்லின்னு ஒருத்தர் எடுத்தாரு, இன்னொண்ணு ஷீவனெல்லா, அது ஒனைடா ஏரி மண்ணு. உலகத்துல எந்த நெல்லு வயல்ல தோண்டுனாலும் ஜியோபாக்டர் சொந்தக்காரங்க இருப்பாங்க. ஜியோபாக்டருக்கு ஒடம்புலேர்ந்து முடி மாதிரி இழை வெளிய நீண்டு வரும், கரண்ட் அது வழியாதான் போகுது, 2019ல அத உத்துப் பாத்தப்ப என்ன தெரிஞ்சுதுன்னா அந்த இழை முழுக்க ஹீம் வரிசையா அடுக்கி வச்சிருக்கு, அதாவது நம்ம ரத்தத்த செவப்பாக்குதே அதே இரும்பு வச்ச சமாச்சாரம். ஒயர் சுத்துறதே பொழப்பா இருக்குற எனக்கு இதப் படிச்சப்ப ஒரு மாதிரி ஆயிடுச்சு, நான் இன்சுலேஷன் வார்னிஷ் அடிச்சு அடிச்சு சுத்துறேன், அது பாட்டுக்கு நானோமீட்டர் சைசுல சுத்தி வச்சிருக்கு.

நாத்து நட்ட வயல்லயும் எடுக்கலாமா? பயிருக்கு ஏதும் ஆயிடாதே?

எடுக்கலாம், இன்னும் சொல்லப்போனா வெறும் சேத்த விட நட்ட சேறுதான் நல்லா வருது. பயிரு பகல்ல வெயில்ல சமைக்குற சர்க்கரையில ஒரு பங்க வேர் வழியா மண்ணுல கசிய விடுது, அது இவங்களுக்குத் தீனி. 2008ல பெல்ஜியத்துல தொட்டியில நெல்லு வச்சுப் பாத்தாங்க, பயிரு இல்லாத தொட்டியப் போல ஏழு மடங்கு வந்துச்சு, சதுர மீட்டருக்கு 33 மில்லிவாட் வரைக்கும். அதே வருஷம் ஜப்பான்ல நெசமான வயல்லயே கார்பன் விரிப்பு போட்டாங்க, அங்க 6 மில்லிவாட்தான், ஆனா வெயில் ஏற ஏற கரண்டும் ஏறுது, பயிருக்கு நெழல் போட்டா எறங்குது. பயிரு பாட்டுக்கு வளந்துச்சு.

அப்ப என் போர் மோட்டார் இதுல ஓடுமா?

ஓடாது.

ஏன்னு கணக்கு சொல்றேன், வாங்க. ஒரு வேலி நிலம் இருக்குன்னு வைங்க, இருவது மா, ஆறரை ஏக்கர் சொச்சம், சுமார் 26,700 சதுர மீட்டர். வேலி பூராவும் வரப்புலேர்ந்து வரப்பு வரைக்கும் கார்பன் கம்பளம் விரிச்சாச்சு, பெல்ஜியத்துத் தொட்டியில வந்த அதே 33 மில்லிவாட் ஒரு அடி விடாம வருதுன்னு வச்சுக்கிட்டாலும் 880 வாட். ஒரு ஹெச்பின்னா 746 வாட். அதாவது ஒரு வேலிக்கு ஒரு ஹெச்பி, அதுவும் கம்பளத்துக்கு வேலிய வித்தாலும் காசு பத்தாது. ஜப்பான் வயல் கணக்குல பாத்தா 160 வாட், ரெண்டு ஃபேன். நீங்க வச்சிருக்குறது அஞ்சு ஹெச்பி, 3,730 வாட்.

இன்னொரு விதமா பாக்கலாம். இது ராத்திரி பகல்னு இல்லாம ஓடும்தான், 880 வாட் 24 மணி நேரத்துக்கு 21 யூனிட். 540 வாட் சோலார் பேனல் பத்து போட்டா அதே 21 யூனிட் ஒரு நாளைக்கு வந்துடும், அதுக்கு மாட்டுக்கொட்டகை கூரை போதும். விவசாயத்துக்கு கரண்டே இலவசமா வர்ற ஊர்ல இருந்துக்கிட்டு சேத்துல மோட்டார் ஓட்டுறேன்னு யாராச்சும் அட்வான்ஸ் கேட்டு வந்தா டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வச்சுடுங்க.

நூறு எடத்துல நட்டு, எல்லாத்தையும் சீரியல்ல கோத்தா வோல்ட் ஏறாதா மாமா?

எங்கிட்ட காயில் கத்துக்க வர்ற பயலே கேட்டான், நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன், ரெண்டு நாளு வயல்ல எறங்கி கோத்தும் பாத்தேன். ஒரே வயல்ல மூணு செட், ஒவ்வொண்ணும் தனியா 0.5 வோல்ட் சொச்சம் காட்டுது, சீரியல்ல போட்டா ஒண்ணரை வரணும், வந்தது 0.55. மீட்டர் போயிடுச்சுன்னு இன்னொரு மீட்டர் வச்சேன், அதும் அப்படியே.

விஷயம் என்னன்னா, வயல் பூரா ஒரே தண்ணி. மொத செட்டோட மேல் கார்பனையும் ரெண்டாவது செட்டோட கீழ் கார்பனையும் ஒயர் போட்டு சேத்தா, அந்த ரெண்டும் அதே தண்ணியில அதே சேத்துலதானே உக்காந்திருக்கு, அதுங்களே ஒரு செல்லு, அந்தச் செல்ல நாமளே ஒயர் போட்டு ஷார்ட் பண்ணிட்டோம். காயில்ல ஒரு டர்ன் பக்கத்து டர்னோட ஒட்டிக்கிட்டா என்ன ஆகுமோ அதேதான். வயல்ல போடுறதா இருந்தா எல்லாத்தையும் பேரலல்லதான் போட முடியும், வோல்ட் அரையிலயே நிக்கும், அப்புறம் 0.3 வோல்ட்லேர்ந்து தூக்கிக் குடுக்குற பூஸ்ட் போர்டு வச்சு ஒரு பெரிய கெப்பாசிட்டர்ல சொட்டு சொட்டா சேத்து வச்சு மொத்தமா செலவழிக்கணும்.

தனித்தனி வாளின்னா சீரியல் ஆகும். அதுலயும் ஒரு குசும்பு இருக்கு, நாலு வாளியில ஒண்ணுக்கு தீனி கொறைஞ்சுடுச்சுன்னா மத்த மூணும் அதத் தள்ளித் தள்ளி ப்ளஸ் மைனஸையே திருப்பி விட்டுடும். ஆக மொத்தம் வோல்ட் கம்மியா காட்டுனா ஒவ்வொரு வாளியையும் தனியா அளந்து பாருங்க, ஒண்ணு மைனஸ்ல நிக்கும்.

வீட்டுல வாளியில செய்யிறது எப்படி?

பத்து லிட்டர் பெயிண்ட் வாளி, நல்லா கழுவுனது. தண்ணி நின்ன வயல்லேர்ந்தோ வாய்க்கா மடை ஓரத்துலேர்ந்தோ அடிச்சேறு, கருப்பா வாடை அடிக்கிறதா பாத்து. கல்லு, நத்தை எல்லாம் பொறுக்கிடுங்க. கார்பனுக்கு மொதல்ல பழைய டார்ச் செல்ல ஒடைச்சு நடுவுல இருக்குற கரிக்குச்சிய எடுத்துத்தான் பாத்தேன், வேல செய்யும், ஆனா பரப்பு கம்மி, பாக்டீரியா குடியேற எடம் பத்தாது. அப்புறம் கார்பன் ஃபெல்ட்டுனு கம்பளி மாதிரி ஒண்ணு ஆன்லைன்ல வாங்கினேன், உள்ளங்கை அகலத்துக்கு ரெண்டு வெட்டிக்கிட்டேன்.

வாளியில நாலு விரக்கடை சேறு, அது மேல ஒரு துண்டு படுக்க வச்சு, மேல இன்னொரு அரை ஜாண் சேறு போட்டு காத்துக் குமிழி இல்லாம அமுக்கணும். மேல ரெண்டு விரக்கடை தண்ணி. ரெண்டாவது துண்டு அந்தத் தண்ணி மேல மெதக்குற மாதிரி, கீழ் மொகம் நனைஞ்சு மேல் மொகம் காத்து பட இருக்கணும், முழுசா முங்கிட்டா கரண்ட் விழுந்துடும். ஒயருக்கு ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் கம்பி. செம்பு ஒயர சேத்துக்குள்ள விடாதீங்க, அரிச்சுடும், செம்பு பாக்டீரியாவுக்கு வெஷமும் கூட. ரெண்டு ஒயருக்கும் நடுவுல ஒரு 1000 ஓம் ரெசிஸ்டர் கட்டி விட்டுடுங்க, சும்மா தொறந்து வச்சா அவங்களுக்கு எறக்க வழியில்லாம கூட்டம் சேராது.

மேல ஒரு பழைய வேட்டித் துணி கட்டி வைங்க. நின்ன தண்ணி, டெங்கு கொசுவுக்கு நாமளே எடம் குடுத்த மாதிரி ஆயிடும்.

வச்ச ஒடனே 0.8 வோல்ட் காட்டுதே, சூப்பரா இருக்கே?

ஒடனே காட்டுச்சுன்னா சந்தேகப்படுங்க.

என் வாளி மொத நாள் 40 மில்லிவோல்ட், நாலாம் நாள் 180, ஒம்பதாம் நாள் ரெசிஸ்டர கழட்டிட்டு அளந்தா 510, ரெசிஸ்டர் மாட்டுனா 290. அதாவது 0.29 மில்லி ஆம்பியர், 0.08 மில்லிவாட், சிரிக்காதீங்க. பாக்டீரியா பெருகி கார்பன் மேல படலம் கட்டுறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் ஆகத்தான் செய்யும். கணக்குப்படி எவ்வளவு நல்லா பண்ணாலும் ஒரு செல்லு 1.1 வோல்ட்ட தாண்டாது, நடைமுறையில லோடு இல்லாம 0.7 வந்தாலே பெரிய விஷயம்.

வச்ச நிமிஷமே எகிறுதுன்னா துத்தநாகம் பூசுன ஜிஐ கம்பியோ ஆணியோ அலுமினியமோ செம்போ உள்ள இருக்கு. அது எலுமிச்சம்பழத்துல ஆணி குத்துற கதை, உலோகம் கரைஞ்சு வர்ற கரண்ட், சேத்துக்கும் பாக்டீரியாவுக்கும் அதுல ஒரு பங்கும் இல்ல. பொண்ணு போன கண்காட்சியில பக்கத்து டேபிள்ல நாலு டம்ளர் சேறு, ஒவ்வொண்ணுலயும் ஒரு ஜிஐ ஆணி ஒரு செம்புக் கம்பி, எல்ஈடி ஜெகஜோதியா எரியுது, மொத பரிசு அதுக்குத்தான். இவ வாளி மில்லிவோல்ட் கணக்குல நோட்டுப் போட்டு எழுதிக்கிட்டு வந்து நின்னா, நடுவருங்க யாரும் குனிஞ்சு கூட பாக்கல. பரிசு வாங்குனது பாக்டீரியா இல்ல, ஆணி.

நெசமான்னு பாக்கணும்னா இன்னொரு வாளிக்கு அதே சேத்த நல்லா கொதிக்க வச்சு ஆற வச்சுப் போடுங்க. அது பல நாளுக்கு எழுந்திரிக்கவே கூடாது. ரெண்டு வாளியையும் பக்கத்துல வச்சு அளந்தாதான் அது பரிசோதனை.

தீனி என்ன போடணும்?

வாரத்துக்கு ஒரு கரண்டி வடிகஞ்சி. ஆசைப்பட்டு ஒரு சொம்பு ஊத்துனேன், ரெண்டு நாள்ல புளிச்சு நொரைச்சு, 290 இருந்தது 60க்கு விழுந்துச்சு, திரும்ப எழுந்திரிக்க ஒரு வாரமாச்சு. எங்க அப்பாயி சொல்லும், மாட்டுக்கும் மாப்பிள்ளைக்கும் அளவாப் போடுன்னு.

நாங்க காய்ச்சலும் பாய்ச்சலுமாத்தானே தண்ணி கட்டுறோம், அதுல நடக்குமா?

நடக்காது, அதாவது தண்ணி கட்டாம வயல காய விடுற நாள்ல நின்னுடும். வயல் வெடிப்பு விட்டா காத்து உள்ள எறங்கும், கீழ் கார்பன் பக்கமும் ஆக்சிஜன் வந்துட்டா மேலயும் கீழயும் ஒண்ணாயிடும், வித்தியாசம் இல்லன்னா கரண்ட் இல்ல. ஆனா இதுலயே ஒரு உபயோகமும் இருக்கு: எந்த எடத்துல செல்லு படுத்துக்குதோ அந்த எடத்துல தண்ணி வத்திடுச்சுன்னு அர்த்தம். கடைமடையில ராத்திரி டார்ச் அடிச்சுக்கிட்டு வரப்பு வரப்பா நடக்குறவங்களுக்கு இது மோட்டார் ஓட்டுறதவிட பெரிய விஷயம், என்னக் கேட்டா சேத்துக் கரண்ட்டோட எதிர்காலம் இந்த மாதிரி காவக்கார வேலையிலதான். அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக் கூடம் கடலடிச் சேத்துலேர்ந்து கரண்ட் எடுத்து வானிலை மிதவை ஒண்ண ஓட்டிக் காமிச்சு 2008ல எழுதியிருக்காங்க, பேட்டரி மாத்த ஆள் போக முடியாத எடம் பாருங்க. கொரியாவுல கழிவுத்தண்ணி எவ்வளவு அழுக்குன்னு அளக்குற மீட்டராவே செஞ்சிருக்காங்க, அழுக்கு கூடுனா கரண்ட் கூடும், ஒரு செல்லு அஞ்சு வருஷத்துக்கு மேல ஓடிச்சு.

ரைஸ் மில் தண்ணிக்கு ஆகும்னாங்களே?

ஆமா, நம்ம பக்கத்துக்கு உருப்படியா சொல்லணும்னா இதத்தான் சொல்லணும். புழுங்கலுக்கு நெல்லு ஊறப்போட்ட தண்ணி எப்படி இருக்கும்னு மில்லு பக்கத்துல குடியிருக்குறவங்களுக்கு சொல்லத் தேவையில்ல, மஞ்சளா, புளிச்ச நாத்தம், வாய்க்கால்ல விட்டா மீனு செத்து மெதக்கும். ஏன்னா அதுல கரைஞ்சிருக்குற மாவையும் மத்ததையும் திங்கிற பாக்டீரியா தண்ணியில இருக்குற ஆக்சிஜன் பூராவையும் குடிச்சிடும்.

கரக்பூர் ஐஐடியில 2010ல இத எடுத்து செஞ்சு பாத்திருக்காங்க, அதுல எனக்குப் புடிச்சது பானை. இந்த செல்லுல ரெண்டு பக்கத்தையும் பிரிக்க நடுவுல ஒரு ஜவ்வு போடுவாங்க, கொள்ள வெல. அவங்க அதுக்குப் பதிலா சாதா மண்பானைய வச்சாங்க. பானை கசியுமே, அந்த நுணுக்குத் துளை வழியா அயனிங்க போயிடும், காத்து அவ்வளவா வராது. முடிவு என்னன்னா பானைதான் ஜெயிச்சுது: கழிவுத்தண்ணிய காரத்தன்மைக்கு மாத்தி விட்டப்ப பானையில கன மீட்டருக்கு 2.3 வாட், ஜவ்வுல 0.53. அழுக்கும் பானையில 96.5 சதவீதம் போயிருக்கு. மில்லுத் தண்ணி புளிப்பு, அத சரிக்கட்டாம விட்டா இவ்வளவு வராது.

கரண்ட்டுக்காக யாரும் இத வைக்கப் போறதில்ல. தண்ணி சுத்தமாகணும்னா காத்து ஊதுற மோட்டார் ஓடணும், அதுக்கு கரண்ட் பில்லு வரும், இதுல ஊத வேணாம், போனா போகட்டும்னு கொஞ்சம் கரண்ட்டும் கையில குடுக்குது. பெரிய மில்லு அளவுக்கு பானைய அடுக்குறதுதான் தலைவலி, பெருசாக்க ஆக்க வாட் கொறைஞ்சுக்கிட்டே வரும், ஆராய்ச்சிக்காரங்களும் பல வருஷமா அதுலதான் முட்டிக்கிட்டு நிக்கிறாங்க.

கோபர் கேஸ் போதாதா?

சாணி இருந்தா போதும், அதுதான் லாபம். இது சாணி கேஸுக்குப் போட்டி இல்ல, கேஸ் எடுத்த பெறகு மிச்சமிருக்குற தண்ணி, மில்லுத் தண்ணி, சாக்கடைன்னு நீர்த்துப்போனதுக்குத்தான்.

மூத்திரத்துல கூட எடுக்குறாங்களாமே, நெசமா?

நெசம். இங்கிலாந்துல பிரிஸ்டல்ல 2015ல அப்படி ஒரு கழிப்பறை வச்சு, அதுக்குள்ள எரியிற லைட்ட அதுலயே எரிய விட்டாங்க.

சேத்துலேர்ந்து மீத்தேனும் வருதுன்னு அன்னைக்கு கடையில சொன்னியே, திரும்ப தோண்ட வர்றாங்களா?

ஐயோ இல்ல பெரியப்பா, ஒக்காருங்க. டெல்டாவுல மீத்தேன்னு சொன்னாலே எல்லாருக்கும் துண்டு தோள்லேர்ந்து எறங்கிடுது, ஞாயந்தான், 2020ல பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டமே போட வேண்டி வந்துச்சு. நான் சொன்னது அந்த ஆழத்து மீத்தேன் இல்ல. சேத்துல நடக்கும்போது கால் பக்கம் புளுக் புளுக்குன்னு குமிழி வருமே, அதுலயும் இருக்குறது மீத்தேன்தான். சேத்துல இரும்பெல்லாம் தீந்தப்புறம் மிச்சத் தீனிய வேற ஒரு கூட்டம் எடுத்து மீத்தேனாக்கி விடுது, பூமி சூடாகுறதுக்கு நெல்லு வயலும் ஒரு காரணம்னு சொல்றது இதத்தான். கார்பன் வச்சு அந்தத் தீனிய நம்ம ஆளுங்க முந்திக்கிட்டா மீத்தேன்காரங்களுக்கு கொறைச்சலாத்தான் கெடைக்கும்.

ஒயரே இல்லாம அதச் செய்யிற பாக்டீரியாவும் இருக்கு. கேபிள் பாக்டீரியான்னு 2012ல டென்மார்க்ல கண்டுபுடிச்சு எழுதுனாங்க, ஆயிரக்கணக்குல செல்லு தலையும் வாலுமா ஒட்டி சென்டிமீட்டர் நீளத்துக்குக் கயிறு மாதிரி நின்னு, கீழேர்ந்து மேல கரண்ட் கடத்துது. 2020ல நெல்லுத் தொட்டியில அத விட்டுப் பாத்தப்ப மீத்தேன் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல கொறைஞ்சிருக்கு. தொட்டியிலதான், வயல்ல இல்ல.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுச் சேறு இன்னும் நல்லாருக்குமா?

உப்புத்தண்ணி கரண்ட்ட நல்லா கடத்தும், அதனால உள் ரெசிஸ்டன்ஸ் கொறையும், நல்லாத்தான் வரும். ஆனா அது காப்புக்காடு, வாளி எடுத்துக்கிட்டு போயிடாதீங்க. வேதாரண்யம் பக்கம் சொந்தக்காரங்க இருந்தா வீட்டுக் கொல்லை மண்ணக் கேட்டு வாங்கிக்கலாம்.

ஷாக் அடிக்குமா, நோய் வருமா?

அரை வோல்ட்ல ஷாக் அடிக்காது. சேத்துல எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், காலு கையில வெட்டுக்காயத்தோட அள்ளாதீங்க, அள்ளுனா சோப்பு போட்டு கழுவுங்க.

அந்த நாலு வாளியும் இப்ப எங்க?

ஒண்ண எங்க அப்பாயி முருங்கைக்கு ஊத்திடுச்சு, நாறுதுன்னு. மிச்சம் மூணு கடைக்குப் பின்னாடி சீரியல்ல கெடக்கு, அதுல ஒரு சின்ன டிஜிட்டல் கடிகாரம் மாட்டியிருக்கேன், பொம்மைக் கடையில விக்கிற சைசு. லோடு ரொம்பக் கம்மிங்கிறதால மூணு வாளியும் சேந்து 1.6 வோல்ட் குடுத்துக்கிட்டு இருக்கு. நேரம் சரியாத்தான் காட்டுது, எண்ணு மங்க ஆரம்பிச்சா தண்ணி வத்திடுச்சுன்னு அர்த்தம், ஒரு சொம்பு ஊத்துனா சாயங்காலத்துக்குள்ள தெளிஞ்சுடும். அடுத்த தடவ மோட்டார் எறக்க வரும்போது பாத்துட்டுப் போங்க, துணியத் தூக்கிப் பாத்தா திரும்ப கட்டி விட்டுட்டுப் போங்க.